தாத்தா செய்த வாசிப்பு மேசையைக் கழற்றிப் பூட்டியது

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கிற மேசை போன மாதம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஒற்றைத் தண்டின் மேல் சாய்வான பலகை, கீழே கூட்டல் குறி மாதிரி இரண்டு அடிக்கட்டைகள், தண்டைத் தாங்கிப் பிடிக்க நாலு சாய்வுக் கட்டைகள். எல்லாமே தேக்கு. 1983இல் என் தாத்தா செய்தது. இத்தனை வருஷம் ஞாயிறுதோறும் அதில்தான் பாடம் வாசித்தார்கள். அடியில் கரையான் ஏறி, மேல்பலகை பிளந்து, கை வைத்தாலே ஆட ஆரம்பித்ததும், ஸ்டீலில் ஒன்று வாங்கிவிடலாம் என்று சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. ஒரு தவணை கொடுங்கள், சரிசெய்து பார்க்கிறேன் என்று கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

தாத்தா 2022இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் மிஷனரி மர்காஷியஸ் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) 1878இல் தொடங்கிய தொழிற்பள்ளியில் தச்சு படித்தவர். 1960இல் பட்டாளத்தில் சேர்ந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவத்தின் பொறியாளர் படை), பெங்களூர் சென்டர், டிரேடு தச்சர். 1977இல் பென்ஷனோடு ஊருக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் பனங்கை போட்ட கொட்டகையில் பட்டறை வைத்தார். கொஞ்ச காலத்தில் சபை மூப்பரும் ஆனார். ஊரில் வசதியில்லாதவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் சவப்பெட்டிக்குக் காசு வாங்க மாட்டார். அதற்கென்றே மாம்பலகையை வாங்கி அறுத்துக் கொட்டகைப் பரணில் உலர்த்தி வைத்திருப்பார். துக்க வீட்டில் டேப்பை இழுத்து அளப்பது அவருக்குப் பிடிக்காது. மடியில் ஒரு சணல் கயிறு இருக்கும். கட்டில் பக்கத்தில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு, கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிடுவார்.

அவருக்கு நாங்கள் கடையில்தான் பெட்டி வாங்கினோம். வீட்டில் யாருக்கும் உளி பிடிக்கத் தெரியாது. அது எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. இந்த மேசையைக் கேட்டு வாங்கியதற்குக் காரணமும் அதுதான். இடைப்பட்ட காலத்தில், அவரிடம் தொழில் கற்ற ஒரு அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்து, இழைக்கவும் துளை போடவும் ஓரளவு பழகியிருந்தேன்.

முதல் வேலை, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பது. தாத்தாவின் கருவிப் பெட்டியில் ஒன்பது அங்குல நீளத்தில் ஒரு எஃகுக் குத்தூசி உண்டு. பழைய மரம் எது வந்தாலும் அதை வைத்துத்தான் பார்ப்பார். நேராகக் குத்த மாட்டார், சாய்த்துத்தான் குத்துவார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். 1971 டிசம்பர் பாகிஸ்தான் போரில் அவர் 9ஆவது இன்ஜினியர் ரெஜிமெண்டில் இருந்தார். ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரை முழுக்கப் பாகிஸ்தான் தரப்பு கண்ணிவெடி புதைத்திருந்தது. டாங்கிகள் போக வழி எடுக்கிற வேலை சாப்பர்களுடையது. கையால் தேடும்போது கம்பியைச் செங்குத்தாக இறக்கினால் வெடியின் தலையில் போய் அழுத்தும். அதனால் தரையோடு முப்பது டிகிரி சாய்த்து, அதன் பக்கவாட்டில் படுகிற மாதிரி மெதுவாக நுழைக்க வேண்டும். பாதி வழிதான் எடுத்திருந்தார்கள், அதற்குள் எதிரி டாங்கிகள் வருகிற தகவல். நம் பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் மீதி வெடிகளுக்கு நடுவிலேயே கடந்து போயின. டிசம்பர் 16இல் பூனா ஹார்ஸ் அதிகாரி அருண் கேத்தர்பால் விழுந்த சண்டை அதுதான். தாத்தாவின் ரெஜிமெண்டைச் சேர்ந்த மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு இறந்த பிறகு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். தாத்தா தன்னைப் பற்றி அதில் ஒன்றும் சொன்னதில்லை. கம்பியைப் பிடிக்கிற கோணத்தை மட்டும் காட்டினார்.

மரத்துக்கும் அந்தக் கோணம் சரியாகத்தான் இருக்கிறது. நேராகக் குத்தினால் கரையான் விட்டுவைத்த மேல்தோலில் ஊசி நின்று, மரம் நல்லது மாதிரி ஏமாற்றும். சாய்த்துக் குத்தினால் தோலுக்கு அடியில் ஓடிப்போய் உள்ளே இருக்கிற பொந்து தெரிந்துவிடும். அப்படிப் பார்த்ததில், மூன்று அங்குலச் சதுரத் தண்டில் அடியிலிருந்து நாலு அங்குலம் வரை ஒன்றும் மிச்சமில்லை. இருபத்திரண்டு அங்குல அடிக்கட்டைகளில் ஒன்று முழுக்கப் போயிருந்தது. இன்னொன்று கல் மாதிரி இருந்தது. சாய்வுக் கட்டைகள் நாலும் பிழைத்திருந்தன.

அடுத்தது பெயிண்ட். யாரோ எப்போதோ பிரவுன் எனாமல் அடித்துவிட்டிருந்தார்கள். பெயிண்ட் ரிமூவரைத் தடவி, கால்மணி நேரம் விட்டு, மழுங்கிய தகட்டால் சுரண்டினேன். மூலைகளுக்கு உடைந்த கண்ணாடிச் சில்லு. பழைய தச்சர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். சில்லின் விளிம்பு உப்புத்தாளைவிடச் சுத்தமாக, சுருள் சுருளாக எடுத்துக்கொண்டு வரும். மெஷின் சாண்டர் இருந்தும் நான் தொடவில்லை. விளிம்புகளில் தாத்தா ஒரு நூல் அகலத்துக்குச் சரிவு சீவியிருந்தார், மெஷின் போட்டால் அது போயே போய்விடும். (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. இந்தப் பதிவில் அளவெல்லாம் அங்குலமும் நூலும்தான். அவருடைய அளவுகள் மில்லிமீட்டரில் எழுதினால் முழு எண்ணாக வருவதில்லை.)

பெயிண்ட் போனதும் மூங்கில் ஆணிகளின் தலைகள் தெரிந்தன. ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒன்று. இனிமேல்தான் வேலை சுவாரஸ்யமாகப் போனது.

மேசை முழுக்கப் பசை கிடையாது. வஜ்ரம் இல்லை, ஃபெவிகால் இல்லை. ஒரு கட்டையில் துளை, மறு கட்டையில் அதற்குள் நுழைகிற நாக்கு, குறுக்கே மூங்கில் ஆணி, அவ்வளவுதான். இரும்பே இல்லை, பின்னால் மற்றவர்கள் அடித்ததைத் தவிர. பட்டாளத்தில் அவர் நிறையப் பூட்டியது பெயிலி பாலம். பத்தடி நீளப் பேனல், ஒன்றின் எடை ஐந்நூற்று எழுபது பவுண்டுக்கு மேல், ஆறு பேர் தூக்கிப் போவார்கள். பேனலையும் பேனலையும் சேர்ப்பது எஃகுப் பின். கிரேன் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். பின்னைத் தட்டி எடுத்தால் பாலம் மறுபடி பேனல்களாக லாரியில் ஏறிவிடும். "பூட்டுறவனுக்குக் கழத்தவும் தெரியணும். அடுத்து வாரவன் கழத்துற மாதிரி பூட்டணும்" என்று பட்டறையில் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அதை ஒரு பேச்சுக்குச் சொல்வதாக நினைத்திருந்தேன். மேசையைக் கழற்றும்போதுதான் அது எவ்வளவு நேரான குறிப்பு என்று தெரிந்தது.

மூங்கில் ஆணிக்கு ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் சற்று ஒல்லி. ஒல்லியான பக்கத்திலிருந்து அடித்தால்தான் வெளியே வரும். இரண்டு பக்கமும் மட்டமாகச் சீவிவிட்டால் எது ஒல்லி என்று கண்டுபிடிப்பது கஷ்டம். தாத்தா எல்லா ஆணியின் தடித்த தலையையும் கோயில் வாசலைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்றில் தெரிந்துகொண்டதும் மற்ற எல்லாவற்றையும் எந்தப் பக்கம் அடிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டரை நூல் தடிமனில் ஒரு இரும்புக் குச்சியை ஆணியின் மேல் வைத்து, கொட்டாப்புளியால் தட்டினால் ஒவ்வொன்றாக நழுவி வந்தன.

கழற்றிய நாக்குகளில் உளி முனையால் வெட்டிய ரோமன் எண்கள் இருந்தன. I, II, III, IIII. நாலாவதற்கு அவர் IV போடவில்லை, நாலு கோடுதான். நேரான உளிக்கு நேர்க்கோடு சுலபம், தவிர தலைகீழாகப் பிடித்தாலும் நாலு நாலுதான். எந்தக் கட்டை எந்தத் துளைக்கு என்பதற்கு அந்த எண் துளையின் உதட்டிலும் இருந்தது. தண்டின் மேல் நாக்கில் மட்டும் பென்சிலில் "12-11-83" என்று எழுதியிருந்தார். பெயர் இல்லை. கோயிலுக்குக் கொடுத்த டியூப்லைட்டில்கூட "உபயம்" என்று பெயர் எழுதக்கூடாது என்று மூப்பராக இருந்தவரை பிடிவாதமாக நின்றவர். அதில் சில பேருக்கு அவர்மேல் வருத்தமும் உண்டு.

துளைகளில் இன்னொன்றைக் கவனித்தேன். நாக்கில் ஆணி போகிற ஓட்டையும், வெளிக்கட்டையில் இருக்கிற ஓட்டையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. நாக்கின் ஓட்டை தோள் பக்கம் (நாக்கு தொடங்குகிற இடத்தில் கட்டை அகன்று நிற்கிற விளிம்பு) அரை நூல் தள்ளி இருந்தது. பார்க்கிறவருக்குக் குறி தவறிய மாதிரி இருக்கும். நாலு பொருத்தத்திலும் அதே அரை நூல், அதே பக்கம். ஆணி உள்ளே போகும்போது அந்த அரை நூலைச் சமன்செய்ய வளைந்துதான் போக வேண்டும். அப்படிப் போகும்போது நாக்கைத் துளைக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. பசையும் கிளாம்ப்பும் இல்லாமல் நாற்பது வருஷம் தோள் விலகாமல் நின்றது இதனால்தான். வெளியே எடுத்த ஆணிகளில் நடுவில் அந்த வளைவு அப்படியே பதிந்திருந்தது. ஒன்றை மேசை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். மூங்கிலின் தோல் பக்கம் எப்போதும் இழுவைக்கு எதிர்ப்பக்கமாக இருந்தது. அவ்வளவு சின்ன ஆணிக்கும் எந்தப் பக்கம் பலம் என்று பார்த்துத்தான் போட்டிருக்கிறார்.

கரையான் தின்ற தண்டை வெட்டாமல் காப்பாற்ற முடியுமா என்று முதலில் பார்த்தேன். மரத்தைக் கெட்டிப்படுத்துகிற திரவம் விற்கிறார்கள், ஊற்றினால் உறிஞ்சிக்கொண்டு இறுகும். ஒரு துண்டில் சோதித்ததில் மேலே கால் அங்குலம் இறுகியது, குத்தூசி அதற்குக் கீழே வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நின்று எடை தாங்குகிற தண்டுக்கு அது ஆகாது. வெட்டி ஒட்டுப் போடுவது என்று முடிவு செய்தேன்.

மரம் தேடுவதில்தான் அதிக நாள் போனது. டிப்போவில் பார்த்த புதுத் தேக்கில் ஈரமானி பதினெட்டு சதவீதம் காட்டியது. மேசையின் பழைய மரத்தில் பதினொன்று. இரண்டையும் சேர்த்தால் புது மரம் பின்னால் சுருங்கி, அரை நூல் இழுவையெல்லாம் தளர்ந்துவிடும். கடைசியில் பக்கத்து ஊரில் இடித்த ஒரு வீட்டின் நிலைக்கால் கிடைத்தது. நாலுக்கு மூன்று, ஆறடி, 2,400 ரூபாய். ஈரம் பன்னிரண்டு. பழைய மரத்தில் ஒளிந்திருக்கிற ஆணி, உளியை ஒரே அடியில் பாழாக்கிவிடும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி, கட்டையின் மேல் ஒரு விரல் உயரத்தில் மெதுவாக நகர்த்தினேன். இரும்பு இருக்கிற இடத்தில் காந்தம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எல்லாவற்றையும் தோண்டி எடுத்த பிறகுதான் அறுப்பு வாளை வைத்தேன்.

உளிகளைத் தயார் செய்ததைத் தனியாகவே எழுதலாம், இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். தாத்தாவின் பெட்டியில் கால் அங்குலத்திலிருந்து ஒன்றரை வரை உளிகள், கருவேலத்தில் அவரே செய்த இழைப்புளி, மூலைமட்டம் எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி இருந்தன. மேலோட்டமான துரு மண்ணெண்ணெயிலும் எஃகுப் பஞ்சிலும் போய்விட்டது. சாணைக்கல்லில் இருபத்தைந்து டிகிரிக்குத் தீட்டினேன். தீட்டுவதற்கு முன் உளியின் பின்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி மட்டமாக்க வேண்டும், அதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அவருடைய உளிகளில் அந்த வேலை எனக்குத் தேவைப்படவில்லை, ஏற்கெனவே மட்டம்.

ஒட்டு இப்படி: தண்டை அடியிலிருந்து நாலரை அங்குலத்தில் வெட்டி, அங்கிருந்து மேலே இன்னொரு நாலரை அங்குலத்துக்குப் பாதித் தடிமன் எடுத்தேன். புதுக் கட்டையிலும் அதே மாதிரி பாதி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் முழுத் தண்டு. சாய்வுக் கட்டைகள் தண்டில் சேரும் துளைகள் ஓரடி உயரத்தில் இருப்பதால் ஒட்டு அவற்றுக்குக் கீழேயே முடிந்துவிட்டது. உளிக்கு மூன்று நாலு சீவல் மிச்சம் வைத்து வாளால் அறுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரு முகத்தில் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து, பொருத்திப் பார்த்து, வெள்ளை ஒட்டின மேடுகளை மட்டும் சீவுவது. பொறுமை வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன்.

ஒட்டிலாவது எபாக்ஸி போட்டுவிடலாமே என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் மேசையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "போடலாம் தம்பி. ஆனா நாப்பது வருஷம் களிச்சு இதைக் கழத்துறவன் என்ன செய்வான்?" என்றார். போடவில்லை. இரண்டு மூங்கில் ஆணிகள்தான்.

ஆணிக்கு மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். வெட்டி நிழலில் உலர்ந்தது அண்ணாச்சியின் கொட்டகையிலேயே இருந்தது. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் எடுத்து, பிளந்து, தோலை விட்டுவைத்துச் சீவினேன். மூன்று நூல் தடிமன், முனையில் இரண்டு நூல். இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி அதில் கொஞ்ச நேரம் புரட்டி எடுத்தால் மிச்ச ஈரமும் போய்விடும். மரத்துக்குள் போன பிறகு காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு சற்று உப்பி இன்னும் இறுகும். அடிக்கும்போது சத்தம் மாறிக்கொண்டே வரும். முதலில் மந்தமாக இருக்கிற தட்டல், நாக்கு தோளில் போய் உட்கார்ந்ததும் கணீரென்று ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு அடிகூட அடிக்கக் கூடாது.

மேல்பலகை இருபதுக்குப் பதினாறு. மைக் கம்பிக்காக அதில் நாலு திருகாணி போட்டிருந்தார்கள், பிளவு அங்கேதான் தொடங்கியிருந்தது. பலகைக்கு வெயில் காலத்தில் சுருங்கவும் மழைக்காலத்தில் விரியவும் இடம் வேண்டும். தாத்தா அதற்காக அடியில் இருக்கிற குறுக்குச் சட்டத்தை நடுவில் மட்டும் ஆணியடித்து, இரண்டு ஓரத்திலும் நீளத் துளை விட்டிருந்தார். திருகாணிகள் அந்த அசைவை மறித்துவிட்டன. திருகாணியை எடுத்ததும் பிளவு தானாகவே பாதி மூடிக்கொண்டது. மீதிக்கு அதே மரத்தில் ஒரு மெல்லிய சீவலை ஆப்பு மாதிரி இறக்கி மட்டம் செய்தேன். மைக்குக்குத் தண்டில் திருகாமல் இறுக்கிப் பிடிக்கிற ஒரு பட்டை கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பலகையில் பெரிய வேதப்புத்தகம் நழுவாமல் இருக்க முன்விளிம்பில் ஒரு சட்டம் உண்டு. அதன் நடுப்பாகம் வலது பக்கம் சற்றுத் தேய்ந்து பளபளவென்று இருந்தது, வாசிக்கிறவர்கள் கை வைக்கிற இடம். அதை நான் இழைக்கவில்லை. தாத்தா முதல் பாடம் வாசிக்கும்போது அங்கேதான் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு மிகவும் பிடித்தது நெகேமியா மூன்றாம் அதிகாரம். வெறும் பெயர்ப்பட்டியல் என்று எல்லாரும் தாண்டிப்போகிற பகுதி. எருசலேம் அலங்கத்தில் (மதிலில்) எந்த வாசலை யார் பழுதுபார்த்தார்கள், அவனுக்குப் பக்கத்தில் யார், அவனுக்குப் பக்கத்தில் யார் என்று போகும். தட்டானும் தைலக்காரனும் கல் எடுத்து வைக்கிறார்கள், சல்லூம் தன் குமாரத்திகளோடு வந்து கட்டுகிறான். ஒரு பெயரைக்கூட விழுங்காமல், அவசரப்படாமல் வாசிப்பார்.

பாலிஷுக்கு அரக்கு. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் நூற்று இருபது கிராம் அரக்குத் தகடு, ஒரு இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டினேன். பருத்தித் துணிப் பந்தால் மெலிசாகப் பல தடவை. நடுவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துப் பால் மாதிரி ஆகும், அப்போது நிறுத்திவிட வேண்டும். வெயில் வந்ததும் வெறும் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு தடவல் தடவினால் அந்த வெளுப்பு போய்விடுகிறது. அடுத்த முறை பாலிஷ் வேலையைப் புரட்டாசிக்கு முன்னாலேயே முடித்துவிடுவேன்.

கரையான் மறுபடி ஏறாமல் இருக்க அடிக்கட்டைகளின் நாலு முனைக்கும் கீழே அரை அங்குலக் கருங்கல் துண்டுகள் வைத்தேன். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்தியிருக்கிறோம். பழைய இடத்தில் கூரைத் தண்ணீர் சுவரில் இறங்குகிறது, அதைச் சரிசெய்யாமல் மேசையை மட்டும் சரிசெய்து பயனில்லை என்று கமிட்டியில் சொன்னேன், ஓடு மாற்றக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்குட்டியாரிடம் மாதம் ஒருமுறை கல்லுக்கு மேலே மண் கோடு ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

செலவு: மரம் 2,400. அரக்கு 450, ஸ்பிரிட் 300, பெயிண்ட் ரிமூவர் 380. ஈரமானி 1,150, இது இனிமேலும் உதவும். கருங்கல் 600. மண்ணெண்ணெய், எஃகுப் பஞ்சு, சில்லறை 150. லோடு ஆட்டோ போக வர 800. மொத்தம் 6,230 ரூபாய். கெட்டிப்படுத்தும் திரவம் அண்ணாச்சியிடம் மிச்சம் இருந்தது, அதற்குக் காசு இல்லை.

பித்தளைத் தகட்டில் தாத்தா பெயரைப் பொறித்து முன்னால் பதிக்கலாம் என்று சபையில் அன்போடு கேட்டார்கள். வீட்டில் பேசி வேண்டாம் என்று சொன்னோம். அவர் போட்ட தேதிக்குக் கீழே, நாக்கில், நான் கழற்றிப் பூட்டிய தேதியைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். ஒட்டில் இருக்கிற இரண்டு புது ஆணிகளுக்கும் தடித்த தலை வாசல் பக்கம்தான். அடிக்கட்டையில் புதிதாகப் போட்டதற்கு ரோமன் எண் வெட்டி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன், எது பழையது எது புதியது என்று தெரிய.

இன்னொரு முறை செய்தால் முதலில் எல்லாப் பொருத்தத்தையும் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டுதான் பெயிண்டில் கை வைப்பேன். ஒட்டின் நீளத்தையும் ஆறு அங்குலமாக்குவேன். நாலரை தாங்குகிறது, ஆனால் ஆணிகளுக்கு நடுவில் இடைவெளி குறைவு. அதற்குத் தகுந்த மாதிரி வெட்டைக் கீழே இறக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அடுத்து ஆல்டருக்கு (பீடத்துக்கு) முன்னால் இருக்கிற கிராதியின் சின்னக் கதவு. அதுவும் அவர் செய்ததுதான், கீல் பக்கம் அரை அங்குலம் தொங்குகிறது. லெந்து நாட்கள் (தவக்காலம்) முடிந்ததும் கழற்றலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார்.